முப்பத்தேழு இடத்தில் ஆராயி

என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ள செல்வராஜுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எப்படி மாற்றுவது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தவளே நான்தான். நோட்பேடைத் திற, தலைப்பு வரியைத் தேடு, இருப்பதை அழி, வேண்டியதை எழுது, சேவ் பண்ணு. முந்தின வாரம்தான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இது நடந்தது தொண்ணூற்றொன்பதாம் வருடம், மாசி மாதம். ஏற்காட்டில் பஸ்ஸெல்லாம் வந்து நிற்கிற ஒண்டிக்கடை முக்கில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் பாலசுப்பிரமணியம் சார் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். சேலத்துக்காரர். கோயமுத்தூரில் தலைமை ஆபீஸ் உள்ள ஒரு கம்பெனியின் போர்டை வாங்கி மாட்டி, அவர்கள் அனுப்புகிற பாடத்தை இங்கே நடத்துவார். மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்றுக்கு மட்டும் கலர் மானிட்டர். இன்டர்நெட் கிடையாது. இன்டர்நெட் இல்லாத கடையில் வெப் டிசைனிங்கா என்று சிரிக்க வேண்டாம். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே எங்களுக்கு டெலிபோன் லைன் செத்துப்போகும். வெப் பக்கம் எழுதுவதற்கு இன்டர்நெட் தேவையில்லை, நோட்பேடும் ஒரு பிரவுசரும் போதும்.

நான் அங்கே டைப்பிஸ்ட். ஊர் வெள்ளக்கடை. மலையிலேயே காலகாலமாகச் சாமையும் ராகியும் போட்டு, இப்போது கொஞ்சம் காப்பியும் வைத்திருக்கிற ஜனம் நாங்கள். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு அந்த மாடிப்படி ஏறியபோது எனக்கு இருபது வயது. எங்கள் ஊரிலிருந்து அந்தப் படியை ஏறிய முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அதற்கு முந்தின வருடம் ஒரு நாள், சென்டரில் பாடம் எடுக்கிற வாத்தியார் வரத் தாமதமாகிவிட்டது. லாட்ஜில் ரிசப்ஷன் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்த மல்லிகா என்ற பெண், "அக்கா, ஃபோல்டர்ன்னா என்னங்க, எத்தனை தடவை படிச்சாலும் மண்டையில ஏறலீங்க" என்றாள். நான் எழுந்து போய், சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் ஒரு வீட்டை வரைந்து, வீட்டுக்குள் அறை, அறைக்குள் பெட்டி, பெட்டிக்குள் துணி என்று காட்டினேன். படிக்க வந்திருந்த பன்னிரண்டு பேரும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பாலசுப்பிரமணியம் சார் படியேறி வந்தார்.

"ஏ புள்ள, டைப்பிஸ்ட்டு டைப் அடிச்சாப் போதும். உன் எடத்துல போயி உட்காரு."

பன்னிரண்டு பேருக்கு முன்னால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என் மேஜைக்குத் திரும்பினேன். காது மடலெல்லாம் எரிந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். கல்யாணம் இல்லை, நகை இல்லை. அந்தக் கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நிற்க வேண்டும், யாரும் என்னை உட்காரச் சொல்லக் கூடாது.

மார்கழியில் வாத்தியார் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதே சமயம் தலைமை ஆபீஸிலிருந்து வெப் டிசைனிங் என்று புதுக் கோர்ஸ் வந்தது. ஒவ்வொரு சென்டரும் அடிப்படைச் சொற்களை விளக்குகிற மாதிரிப் பாடம் ஒன்று செய்து காட்ட வேண்டும். பாடத்தைப் பார்க்க ஒரு மேடம் நேரில் வருவார். அவருக்குப் பிடித்தால்தான் கோர்ஸ் நடத்த அனுமதி. பாலசுப்பிரமணியம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"பாடத்தை நீ தயார் பண்ணு. அனுமதி கெடச்சா வாத்தியார் வேலை உனக்குத்தான்."

"நெசமாத்தானுங்களா சார்?"

"பின்ன, வெளையாட்டுக்கா சொல்றேன்?"

தலைமை ஆபீஸ் அனுப்பியிருந்த நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ். ஹைப்பர்லிங்க் என்றால் நாலு வரி, சர்வர் என்றால் ஆறு வரி. அதைக் கடகடவென்று ஒப்பித்தால் மார்க் கிடைக்கும், மண்டைக்குள் ஒன்றும் நிற்காது. நான் வேறு மாதிரி செய்தேன். கம்ப்யூட்டரில் படம் வரைகிற பெயிண்ட்டில் எங்கள் மலையை வரைந்தேன். ஏரி, ஒண்டிக்கடை, நாகலூர் பஸ், எஸ்டேட் கேட், உச்சியில் சேர்வராயன் கோயில் குகை. படத்தில் எந்த இடத்தைக் கிளிக் செய்தாலும் ஒரு சொல்லுக்கு விளக்கம் திறக்கும். அப்படித் தொட்டால் திறக்கிற இடத்துக்கு ஹாட் ஸ்பாட் என்று பெயர்.

ஒண்டிக்கடையைத் தொட்டால் ஹோம் பேஜ் வரும். எங்கே போவதானாலும் இங்கே வந்துதானே பஸ் பிடிக்க வேண்டும். பஸ்ஸைத் தொட்டால் லிங்க், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோவது. மழையில் நாகலூர் பஸ் வராமல் நின்றுவிட்டால் அது அறுந்த லிங்க். எஸ்டேட் கேட்டைத் தொட்டால் டேக், பக்கம் எப்படி வர வேண்டும் என்று பிரவுசருக்கு நாம் எழுதுகிற குறி. திறந்த டேகை மூட வேண்டும், மறந்தால் கேட்டைத் திறந்து போட்ட கதைதான், காட்டெருமை உள்ளே வந்து காப்பிச் செடியை மிதித்துவிட்டுப் போகும். ரேஷன் கடையைத் தொட்டால் சர்வர். தானாகக் கொடுக்காது, போய்க் கேட்டால்தான் கொடுக்கும். குகைக் கோயிலின் மேல் மவுஸைக் கொண்டுபோனாலே போதும், உள்ளே விளக்கு எரியும், எடுத்தால் அணையும். அதுதான் இன்டர்ஆக்டிவ். நீ ஒன்று செய்தால் அது ஒன்று சொல்லும்.

இரண்டு மாதம். கரண்ட் போகும், எழுதியது போகும், மறுபடி எழுதுவேன். பக்கத்தின் தலையில் 'உருவாக்கியவர்: அ. ஆராயி, வெள்ளக்கடை' என்று போட்டேன். அந்த வரியை எழுதிய அன்று பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

நடுவில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா பெயர் அங்கப்பன். ஒரு நாள் உரம் வாங்க ஒண்டிக்கடைக்கு வந்தவரிடம் காரில் வந்தவர்கள் சேர்வராயன் கோயிலுக்கு வழி கேட்டார்கள். அப்பா ஆர அமர ஆரம்பித்தார். "வெள்ளக்கடையில நம்ம ஊடு இருக்குதுங்களா, ஊட்டுலேர்ந்து எறங்கி மொதல்ல மெயின் ரோட்டுக்கு வந்தீங்கன்னா..." கார்க்காரர்கள் முழித்தார்கள். அவர்கள் போகிற வழிக்கும் எங்கள் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மாடி ஜன்னலிலிருந்து பாலசுப்பிரமணியம் சார் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். யார் எங்கே நின்று கேட்டாலும் தங்கள் வீட்டிலிருந்துதான் வழி சொல்லத் தொடங்குவார்கள். "நமக்குத் தெரிஞ்ச எடத்துலேர்ந்துதான கண்ணு சொல்ல முடியும்" என்றார் அப்பா. எனக்கு அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் செல்வராஜ். பாலசுப்பிரமணியம் சாருக்கு அக்கா மகன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஆறு மாதமாகச் சென்டருக்கு வந்து கலர் மானிட்டரில் சீட்டாடிக்கொண்டிருந்தான். என்னை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவான், அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. கடைசி வாரத்தில் திடீரென்று என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, "ஏ புள்ள, இது எப்படிப் பண்ணே, அது எப்படி மாத்துவே" என்று கேட்டான். படிக்க ஆசை வந்துவிட்டது போல என்று நானும் வெள்ளந்தியாகச் சொல்லிக்கொடுத்தேன்.

மேடம் வருகிற அன்று முதல் பஸ்ஸிலேயே வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். மலை வந்தது. அதற்கு மேலே, 'உருவாக்கியவர்: கே. செல்வராஜ், பி.எஸ்ஸி.'

எனக்குள் ஒரு ஆத்திரம் கிளம்பியது பாருங்கள், அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. பாலசுப்பிரமணியம் சார் ரூமுக்குப் போனேன்.

"சார், பக்கத்துல என் பேரு எங்கீங்க?"

"உட்காரு கண்ணு, சொல்றேன்."

மூன்று வருடத்தில் அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. விஷயம் கெட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"ஹெட் ஆபீஸ்ல டிகிரி எதிர்பார்ப்பாங்க. நீ பிளஸ் டூ. பேப்பருக்காக அவன் பேரு, அவ்வளவுதான். வேலையெல்லாம் நீதான் பாக்கப்போறே."

"அப்ப கிளாஸ் எடுக்கறது யாருங்க?"

"அவன் முன்னால நிப்பான். நீ பின்னாலருந்து சொல்லிக்குடு."

"வாத்தியார் வேலை எனக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன், இல்லேங்கல. யோசிச்சுப் பாரு கண்ணு. டவுன்காரங்களும் எஸ்டேட்டுக்காரங்களும் புள்ளைங்களை அனுப்பறாங்க. ஒரு மலைக்காரப் புள்ள நின்னு பாடம் நடத்துனா அவங்க என்ன நெனைப்பாங்க, நீயே சொல்லு."

"நல்லா நடத்துறான்னு நெனைப்பாங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. "சரி சரி, நேரமாச்சு. மேடம் வந்ததும் கீழ போயி டீ வாங்கிட்டு வந்து வை."

"டீக்கு செல்வராஜை அனுப்புங்க. பி.எஸ்ஸி. படிச்சவரு, சிந்தாம கொண்டாருவாரு."

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த மொத்த ஃபோல்டரையும் அழித்துவிடலாமா என்று டெலீட் பட்டன்மேல் விரலை வைத்தேன். நான் இரண்டு மாதம் வளர்த்ததை நானே கழுத்தை நெரிப்பதா. தவிர, அழித்தும் பயனில்லை. செல்வராஜ் முந்தின நாளே பிளாப்பியில் காப்பி எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான், தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டான். வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் தோன்றியது. போனால் அவனுடையதாகவே ஆகிவிடும். என் மேஜையிலேயே உட்கார்ந்துகொண்டேன். மேடம் முன்னால் வாயைத் திறப்பது என்று முடிவு பண்ணிவிட்டேன், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

பதினோரு மணிக்குக் கலாவதி மேடம் வந்தார். கோயமுத்தூர்க்காரர், நாற்பது வயது இருக்கும், சேலைமேல் ஸ்வெட்டர். இருபது கொண்டை ஊசி வளைவும் வயிற்றைப் பிரட்டியதில் முகம் வெளிறியிருந்தது. வெந்நீர் கேட்டார், கொடுத்தேன். வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது வேறு, டீ வைக்கிற ஆளாக நிற்பது வேறு.

மாணவர்கள் பன்னிரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வராஜ் இஸ்திரி போட்ட சட்டையும் டையுமாகக் கலர் மானிட்டர் பக்கம் கையைக் காட்டினான்.

"ஏனுங்க, உங்க மெஷின்ல எனக்குக் காட்ட வேண்டாங்க" என்றார் மேடம். "எந்த ஊருக்குப் போனாலும், எங்க மெஷின்ல நல்லா ஓடுதுங்கன்னுதான் சொல்றாங்க. பிளாப்பியைக் குடுங்க, என்னுதுல போட்டுப் பாத்துக்கறேன்."

பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தார். நாங்கள் யாரும் அதுவரை லேப்டாப்பை நேரில் பார்த்ததில்லை. செல்வராஜ் பிளாப்பியை இரண்டு கையாலும் கொடுத்தான்.

பக்கம் திறந்தது. தமிழ் எழுத்து தலைமை ஆபீஸ் எல்லா சென்டருக்கும் கொடுத்ததுதான், அதனால் எழுத்தெல்லாம் ஒழுங்காக வந்தது. செல்வராஜின் பெயர் மிக நன்றாக வந்தது. ஆனால் மலையைக் காணோம். ஏரி இல்லை, பஸ் இல்லை, கோயில் இல்லை. வெறும் வெள்ளைத் திரையில் ஒரு கட்டம், கட்டத்தின் மூலையில் சின்னதாகச் சிவப்புப் பெருக்கல் குறி. கீழே இருந்த லிங்க் ஒவ்வொன்றையும் மேடம் அழுத்தினார். பக்கத்தைக் காணவில்லை, பக்கத்தைக் காணவில்லை என்றே வந்தது.

செல்வராஜ் மாட்டிக்கொண்டான் என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மலை காணாமல் போயிருந்தது, எனக்கு அழுகைதான் முட்டியது.

"உங்க மெஷின்ல வைரஸ் இருக்குமாட்டம் இருக்குங்க மேடம்" என்றான் செல்வராஜ்.

"அப்படீங்களா?" என்று மேடம் நிதானமாகச் சொல்லிவிட்டு, பக்கத்தின் சோர்ஸைத் திறந்தார். சோர்ஸ் என்றால் பக்கத்துக்குப் பின்னால் நாம் எழுதி வைத்திருக்கிற டேக் எல்லாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "சி டிரைவ், ஆராயி, மலை. சி டிரைவ், ஆராயி, ஏரி. சி டிரைவ், ஆராயி, கோயில். எல்லா வரியிலயும் ஆராயி ஆராயின்னே இருக்குதே. ஆராயின்னா என்னங்க?"

செல்வராஜ் தன் மாமாவைப் பார்த்தான். மாமா மேலே ஃபேனைப் பார்த்தார்.

"அது ஒரு டெக்னிகல் டேர்ம் மேடம்" என்றான்.

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். பெஞ்சு முழுக்கக் குலுங்கியது.

"பத்து வருஷமா இந்தத் தொழில்ல இருக்கறனுங்க. இந்த டேர்மை நான் கேட்டதே இல்லையே. அர்த்தம் சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்."

அதற்குமேல் நான் உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து முன்னால் போனேன்.

"அது நானுங்க" என்றேன். "ஆராயிங்கறது என் பேருங்க."

"டைப்பிஸ்ட்டுங்க மேடம்" என்று பாலசுப்பிரமணியம் சார் குறுக்கே வந்தார். "டைப் மட்டும் அடிச்சுக் குடுத்த புள்ள."

"மலை வரைஞ்சது, டேக் எழுதுனது, லிங்க் குடுத்தது, வெளக்கம் எழுதுனது எல்லாம் நானுங்க. நேத்து வரைக்கும் மேல என் பேருதாங்க இருந்துச்சு."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப, படம் வராதது யாரு தப்பு? அதுவும் உன்னுதா?"

பாலசுப்பிரமணியம் சாருக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. "அதைத்தான் சொல்ல வந்தனுங்க மேடம். செல்வராஜு நல்லாத்தான் பண்ணியிருந்தான். இவ டைப் அடிக்கையில எதையோ கெடுத்துப்போட்டா."

நன்றாக இருக்கிறதல்லவா. பக்கம் அவன் செய்தது, கோளாறு மட்டும் நான் செய்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"தப்பும் என்னுதுங்க, பக்கமும் என்னுதுங்க" என்றேன். "ரெண்டையும் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணாக் குடுக்க மாட்டேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, "வா, உட்காரு" என்றார் மேடம். "என்ன தப்புன்னு கண்டுபுடி பாப்போம்."

வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, என்ன தப்பு என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் பக்கம் எழுதிப் பார்த்த கம்ப்யூட்டர் அந்தச் சென்டரில் இருந்த ஒன்றுதான். அதில் இரண்டு மாதமாக ஒருநாள்கூட மலை வராமல் இருந்ததில்லை. சோர்ஸை முதல் வரியிலிருந்து படித்தேன். படம் எங்கே இருக்கிறது என்று பிரவுசருக்கு வழி சொல்லியிருக்கிறேன். சி டிரைவுக்குப் போ, அங்கே ஆராயி என்கிற ஃபோல்டருக்குள் போ, அதற்குள் மலை இருக்கிறது, எடுத்துக்கொள். சரியாகத்தானே இருக்கிறது. திரும்பவும் படித்தேன். சி டிரைவ், ஆராயி. எங்கிருந்து கேட்டாலும் சி டிரைவ், ஆராயி. வெள்ளக்கடையில நம்ம ஊடு இருக்குதுங்களா, ஊட்டுலேர்ந்து எறங்கி.

எனக்குச் சுரீரென்றது.

"மேடம், இது எங்கப்பா வழி சொல்ற மாதிரி ஆயிப்போச்சுங்க" என்றேன். "எங்க பக்கம் யாரு எங்க நின்னு வழி கேட்டாலும் அவங்கவங்க ஊட்டுலேர்ந்துதான் சொல்லுவாங்க. நானும் ஒவ்வொரு படத்துக்கும் எங்க ஊட்டுலேர்ந்தே வழி சொல்லியிருக்கறனுங்க. சென்டர் மெஷின்ல ஆராயிங்கற ஊடு இருந்துச்சு, அதனால வந்துச்சு. உங்க மெஷின்ல எங்க ஊடே இல்லீங்க. அது எங்க போயித் தேடும்? கேக்கறவங்க நிக்கற எடத்துலேர்ந்து சொல்லியிருக்கோணும். படம் பக்கத்துலயேதான இருக்குது, பேரை மட்டும் சொன்னாப் போதுங்க."

கலாவதி மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். "இதுக்கு இங்கிலீஷ்ல ரிலேட்டிவ் பாத்ன்னு பேரு. நான் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுப்பேன். பாதிப் பேருக்குப் புரியாது. திருத்து."

"சீக்கிரம் கண்ணு, படத்தைக் கொண்டா" என்றார் பாலசுப்பிரமணியம் சார்.

நான் படத்துக்குப் போகவில்லை. தலைப்பு வரிக்குப் போனேன்.

"அது எதுக்கு இப்ப? மொதல்ல படத்தைப் பாரு."

"பேரு மொதல்லீங்க" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கே. செல்வராஜ் ஒவ்வொரு எழுத்தாகப் போனான். பி.எஸ்ஸி.யும் போனது. அ. ஆராயி, வெள்ளக்கடை என்று அடித்தேன். ஹையர் பாஸ் பண்ணின விரல், ஒரு எழுத்து பிசகவில்லை. பாலசுப்பிரமணியம் சார் இருமினார்.

அதற்குப் பிறகுதான் வேலை. நோட்பேடில் ஒரு சொல்லை எல்லா இடத்திலும் மொத்தமாக மாற்ற வழி கிடையாது. தேடித்தான் போக வேண்டும், ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். சி டிரைவ் ஆராயி என்பது முப்பத்தேழு இடத்தில் இருந்தது. முப்பத்தேழிலும் என் பெயரை என் கையாலேயே அழித்தேன். அவன் ஒரு இடத்தில் அழித்தபோது வயிறு எரிந்தது. நான் இத்தனை இடத்தில் அழிக்கும்போது எரியவில்லை, ஒவ்வொன்று போகப் போகத் தெம்புதான் வந்தது. தலையில் இருக்கிற ஒன்று போதும். மற்ற இடத்தில் பெயர் இருந்தால் என் பக்கம் என் வீட்டைத் தாண்டி எங்கும் போகாது. இனி அது கோயமுத்தூரிலும் திறக்கும், எங்கும் திறக்கும்.

சேவ் பண்ணிப் பக்கத்தைத் திறந்தேன். மலை வந்தது. ஏரி, பஸ், எஸ்டேட் கேட், எல்லாம் வந்தன. மேடம் மவுஸை மெதுவாக மேலே கொண்டுபோய்க் குகைமேல் வைத்தார். உள்ளே விளக்கு எரிந்தது. எடுத்தார், அணைந்தது. மறுபடியும் வைத்தார். நாலைந்து தடவை அதையே செய்துகொண்டிருந்தார்.

பிறகு ஃபாரத்தை எடுத்தார். "கோர்ஸ் நடத்த அனுமதி எழுதிடறேன். வாத்தியார் பேரு என்னன்னு போடறதுங்க?"

"டிகிரி வேணுமில்லீங்களா மேடம்?" என்றார் பாலசுப்பிரமணியம் சார்.

"இருந்தா நல்லதுன்னுதாங்க ரூல்ல இருக்குது. இருந்தே ஆகோணும்னு இல்லை. ஆளை நீங்கதான் சொல்லோணும்."

பாலசுப்பிரமணியம் சார் என்னைப் பார்த்தார், செல்வராஜைப் பார்த்தார். "ரெண்டு பேரு பேரையும் போட்டுருங்க மேடம். அவன் முன்னால, அவ பின்னால. பிரச்சினை இல்லை பாருங்க."

கேட்க எவ்வளவு நியாயமாக இருந்தது. சரி என்றிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. நான் காலம் முழுக்க அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"வேண்டாங்க" என்றேன். "இத்தனை பேரு உட்கார்ந்திருக்காங்க. சாக்பீஸை செல்வராஜ்கிட்டக் குடுங்க. லிங்க்னா என்னன்னு ஒரே ஒரு தடவை இவங்களுக்குச் சொல்லட்டும். இவங்களுக்குப் புரிஞ்சுட்டா, நான் என் எடத்துல போயி உட்கார்ந்துக்கறேன். அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் எப்படியாவது சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது. மேடம் பேனாவை மூடி வைத்தார். மல்லிகா எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

செல்வராஜ் கரும்பலகையில் லிங்க் என்று இங்கிலீஷில் எழுதினான். நோட்ஸில் இருந்த நாலு வரியை ஆரம்பித்தான். இரண்டு வரி கடகடவென்று வந்தது. மூன்றாவது வரியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான், மறுபடி அங்கேயே நின்றது.

"அப்படீன்னா என்னங்க?" என்றாள் மல்லிகா. கிண்டலுக்குக் கேட்கவில்லை, அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

செல்வராஜ் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தான். நெற்றி வேர்த்திருந்தது. மாசிக் குளிரில் ஏற்காட்டில் வேர்க்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். நேராக என்னிடம் வந்து சாக்பீஸை நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்க" என்றான்.

ஆறு மாதம் 'ஏ புள்ள' என்றவன். அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சாக்பீஸை வாங்கிக்கொண்டேன். மேடம் ஃபாரத்தில் எழுதத் தொடங்கியிருந்தார், தலையைத் தூக்காமலே, "முழுப் பேரு சொல்லும்மா" என்றார்.

"அ. ஆராயி. வெள்ளக்கடைங்க."

செல்வராஜ் எழுதியதைத் துடைத்தேன். ஒண்டிக்கடைக்கு ஒரு வட்டம், நாகலூருக்கு ஒரு வட்டம், நடுவில் ஒரு பஸ் வரைய ஆரம்பித்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை அப்படியும் இப்படியும் வளைத்துப் பார்த்தார்கள். பாலசுப்பிரமணியம் சார் இன்னும் கரும்பலகைக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார், என்ன செய்வதென்று தெரியாமல்.

"சார், பலகை மறைக்குதுங்க" என்றேன். "உங்க எடத்துல போயி உட்காருங்க."

கடைசிப் பெஞ்சில் ஓர் ஓரமாக இடம் இருந்தது. போய் உட்கார்ந்தார்.